மஞ்சள் மார்புத் தினைக்குருவியை மீட்புப் பட்டியலில் சேருங்கள்: ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மாண்புமிகு ஒன்றியச் சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்றத் துறை அமைச்சர் அவர்கள்,
தேசிய வனவிலங்கு வாரிய நிலைக்குழு உறுப்பினர்கள்,
இந்திரா பர்யாவரண் பவன், ஜோர் பாக், புது தில்லி.

ஐயா, அம்மா, வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களுக்காக உங்கள் அமைச்சகம் நடத்தும் மீட்புத் திட்டத்தில் மஞ்சள் மார்புத் தினைக்குருவியைச் சேர்க்க வேண்டும். அது இரவு தங்கும் நாணல் காடுகளை இந்தக் குளிர்காலத்திலிருந்தே காக்க வேண்டும். இந்த மடலில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டுக்கான காரணங்கள்தாம்.

எழுதுகிற நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். பறவை பார்ப்பதும், பார்த்ததை எண்ணிக் குறித்து வைப்பதும் என் நெடுநாள் வழக்கம். நான் பேசவந்த குருவி எங்கள் ஊர்ப் பக்கம் வலசை வருவதில்லை. அதன் இந்திய வீடு அசாம், மணிப்பூர், அருணாச்சலம், வட வங்கம் என்று வடகிழக்கில் இருக்கிறது. இருந்தும் தமிழில் எழுதுகிறேன். அசாமின் ஏரியில் இறங்கும் பறவைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு குரல் வரவேண்டும். இங்குள்ள பறவை ஆர்வலர்களும் இதைப் படிக்கவேண்டும், கூடச் சேர்ந்து கேட்கவேண்டும்.

எம்பெரிசா ஆரியோலா என்பது இதன் அறிவியல் பெயர். சிட்டுக்குருவி அளவுதான், சுமார் 15 செ.மீ. இனப்பெருக்கக் காலத்து ஆண் பறவையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முகம் கறுப்பு, முதுகு காவிப் பழுப்பு, அடிப்பகுதி முழுக்கப் பளீரென்ற மஞ்சள், அந்த மஞ்சளின் குறுக்கே மார்பில் ஒரு பழுப்புப் பட்டை, தோளில் வெள்ளைத் திட்டு. நம்மிடம் குளிர்காலத்தில் வரும்போது இந்த நிறங்கள் மங்கி, வைக்கோல் நிறக் கோடுகளுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். வயலில் மேயும் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் 'ஏதோ குருவி' என்று போய்விடுவார். இதைப் பற்றி இந்தியாவில் யாரும் அதிகம் பேசாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கோடையில் இது வடக்கே ஈரப் புல்வெளிகளிலும் ஆற்றோரப் புதர்களிலும் தரையில் கூடு கட்டும். ஒரு காலத்தில் மேற்கே பின்லாந்து முதல் கிழக்கே கம்சாத்கா, ஜப்பானின் ஹொக்கைடோ வரை, யூரேசியாவின் வடபாதி முழுக்க அதன் பாட்டு கேட்டது. இலையுதிர் காலத்தில் அத்தனையும் கிழக்காகத் திரும்பிச் சீனா வழியாக இறங்கும். யாங்சி ஆற்றுப் படுகையில் தங்கி இறகு மாற்றிக்கொண்டு, பிறகு தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பிரிந்து வரும். கோடையில் ஒரு கண்டத்தின் அகலத்துக்குப் பரவியிருந்த பறவைகள், குளிர்காலத்தில் நேபாளத்திலிருந்து தென்சீனம் வரையிலான ஒரு சிறு நிலப்பகுதிக்குள் நெருக்கியடித்துக்கொள்கின்றன. இந்த நெருக்கம்தான் அதற்கு எமனாயிற்று.

1980க்கும் 2013க்கும் இடையில் இதன் எண்ணிக்கை 84.3 முதல் 94.7 சதவீதம் வரை சரிந்துவிட்டது என்று 2015ல் ஓர் ஆய்வு வெளியானது. வாழிட எல்லை மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 5,000 கி.மீ. சுருங்கியிருந்தது. பின்லாந்தில் இன்று இது கூடு கட்டுவதில்லை. ஐரோப்பிய ரஷ்யாவின் பெரும்பகுதியிலும் மறைந்துவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2004 வரை 'கவலைக்கிடமில்லை' என்ற வரிசையில் இருந்த பறவை இது. அந்த ஆண்டு ஒரு படி இறங்கியது. 2008ல் இன்னொரு படி, 2013ல் இன்னொன்று. 2017ல் கடைசிப் படிக்கு, அதாவது 'மிக அருகிய இனம்' என்ற நிலைக்கு வந்து நின்றது. எண்ண முடியாத அளவு இருந்த ஒரு பாடும் பறவைக்குப் பதின்மூன்றே ஆண்டுகளில் இந்த நிலை வந்திருக்கிறது.

முதன்மைக் காரணம் வேட்டை. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இந்தக் குருவியின் இறைச்சி உடம்புக்குத் தெம்பு தரும் என்ற நம்பிக்கை பழையது. 1990களில் அங்கே வசதி பெருகப் பெருக, கிராமத்துத் தின்பண்டமாக இருந்தது உணவக விருந்தாக மாறியது. சன்ஷுயி என்ற ஊரில் இதற்கென்று உணவுத் திருவிழாவே நடந்தது. 1997ல் சீன அரசு தடை போட்டது. ஆனாலும் கள்ளச் சந்தை அடங்கவில்லை. 2001ல் குவாங்டாங்கில் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் குருவிகள் உண்ணப்பட்டதாக ஒரு மதிப்பீடு இருக்கிறது.

பிடிப்பது மிக எளிது. பகலெல்லாம் வயல்களில் சிதறி மேயும் குருவிகள் அந்தி சாயும்போது கூட்டம் கூட்டமாக ஒரே நாணல் காட்டுக்குள் வந்து இறங்கும். இடம் தெரிந்தவன் நாணலுக்கு முன்னால் வலையைக் கட்டிவிட்டு, இருட்டில் பின்பக்கமிருந்து விரட்டினால் போதும். அந்த வலை எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். கோடியக்கரையில் பறவைகளுக்குக் கால் வளையம் போடும் ஆய்வாளர்கள் உரிய அனுமதியோடு அதே வகை வலையைத்தான் கட்டுவார்கள். தலைமுடி போன்ற நைலான் இழை. பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. அடுக்கடுக்காகத் தொய்வு விட்டிருப்பார்கள். மோதிய பறவை அந்தத் தொய்வுக்குள் பைக்குள் விழுவதுபோல் விழும். உதற உதற இழை இறக்கையின் மடிப்பில், கழுத்தில், நாக்கின் பின்புறத்தில் கூடச் சுற்றிக்கொள்ளும். பழகிய ஆய்வாளர் கால் பக்கமிருந்து தொடங்கி, இழை இழையாக விலக்கி எடுப்பார். விரல்களுக்கு நடுவே குருவியின் நெஞ்சு படபடப்பது பக்கத்தில் நிற்பவருக்கே தெரியும். நேரத்துக்கு ஆள் வராத வலையில் அது செத்துப்போகும். வேட்டைக்காரன் வலையில் மாட்டுவது தினைக்குருவி மட்டுமல்ல. அந்த நாணலில் உறங்கும் அத்தனை பறவைகளும் அதில் வந்து விழும்.

அந்த 2015 ஆய்வில் உள்ள ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டுகிறேன். 1980ல் மொத்தக் குருவிகளில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைப் பிடிக்கத் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் அதை 0.2 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், நாம் கண்ட சரிவு முழுவதும் நிகழ்ந்துவிடும் என்கிறது அது. நூற்றுக்கு இரண்டு என்பது யார் கண்ணையும் உறுத்தாத அளவு. எங்கோ ஒரு மாவட்டத்தில் சில வலைகள், வாரச் சந்தையில் கோத்துத் தொங்கவிட்ட சில குருவிகள் என்றுதான் அது கண்ணில் படும். ஆகவே 'எங்கள் மாநிலத்தில் பெரிய அளவில் வேட்டை இல்லை' என்று வனத்துறை சொல்வது உண்மையாகவே இருந்தாலும், நிம்மதியாக இருக்க அது போதாது.

சீனா தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறது. 2021ல் இந்தக் குருவியை முதல் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில், பாண்டா கரடி இருக்கும் அதே வரிசையில் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டே நிலம்வாழ் காட்டுயிர்களை உண்பதற்கு நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது. வலசை வழியில் மிகப் பெரிய ஆபத்து இருந்த நாடே சட்டத்தை இவ்வளவு இறுக்கியிருக்கும்போது, பறவை போய்ச்சேரும் நாடுகளும் தம் கடமையைச் செய்ய இதுவே நேரம்.

நம் பக்கம் வருகிறேன். இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் வரத் தொடங்கும் குருவிகள் வசந்தம் வரை நம்மோடு இருக்கின்றன. ஆண்டில் ஏறக்குறைய பாதி. தின்சுகியா மாவட்டத்தில் திப்ரு சைகோவா தேசியப் பூங்காவை ஒட்டிய மாகுரி பீலில் (ஏரியை அங்கே பீல் என்கிறார்கள்) நான் இவற்றைப் பார்த்தேன். நாட்டுப் படகில் படகோட்டி முன்னால் உட்கார்ந்து மூங்கிலால் தள்ளிக்கொண்டு போனார். மாலை நாலரைக்கே வெயில் மஞ்சளாகிவிடுகிற ஊர் அது. கடுகு வயல் பக்கமிருந்து ஐந்தும் ஆறுமாகக் குருவிகள் வந்து நாணல் தாள்களின் நுனியில் உட்கார்ந்தன. தாள் வளைந்தது. ஒவ்வொன்றும், கூடவே இருப்பவை வந்துவிட்டனவா என்று பார்ப்பதுபோல் தலையைத் திருப்பி, 'ட்சிக், ட்சிக்' என்று குறுகலாக ஒலி எழுப்பிவிட்டு உள்ளே இறங்கியது. ஓர் ஆண் மட்டும் நெடுநேரம் வெளியே இருந்தது. தொண்டைக்குக் கீழே மஞ்சள், அதில் இன்னும் முழுமையாக மறையாத அந்தப் பழுப்புப் பட்டை. தொலைநோக்கியில் அதன் அலகின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த புல்விதையின் உமி வரை தெரிந்தது. படகோட்டியிடம் கேட்டேன். அவர் சிறுவனாக இருந்தபோது இதே இடத்தில் கூட்டம் இறங்கினால் நாணல் சாயும் என்றார். பிறகு எதுவும் சொல்லாமல் படகைத் திருப்பினார்.

அந்த ஏரிக்கு 2020ல் நேர்ந்தது உங்கள் கோப்புகளில் இருக்கும். மே 27 அன்று அருகிலுள்ள பாக்ஜான் எண்ணெய்க் கிணறு வெடித்து எரிவாயுவும் எண்ணெய்க் கசிவும் பீச்சியடித்தன. ஜூன் 9ல் தீப்பற்றியது. தீயணைப்புப் பணியாளர்கள் இருவர் உயிரிழந்தார்கள். கிணறு முழுமையாக அடங்க நவம்பர் ஆயிற்று. ஏரியின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது, புல்வெளி கருகியது, மீன்பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் முகாம்களுக்குப் போயின. அந்த மக்களும் அந்தப் பறவைகளும் ஒரே நீரை நம்பியிருப்பவர்கள். ஏரியைக் காப்பது இருவருக்கும் சேர்த்துச் செய்கிற வேலை.

மற்ற இடங்களும் நல்ல நிலையில் இல்லை. குவாஹாத்தியின் தீபோர் பீல் 2002 முதல் ராம்சர் தலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதென்று அறிவிக்கப்பட்ட ஈரநிலம். அதன் ஓரத்திலேயே ஒரு பெருநகரத்தின் குப்பை ஆண்டுக்கணக்கில் கொட்டப்பட்டது. மணிப்பூரின் லோக்டாக் ஏரி 1990ல் ராம்சர் பட்டியலுக்கு வந்தது. ஆனால் 1983ல் வந்த இதாய் தடுப்பணை நீர்மட்டத்தை ஆண்டு முழுக்க உயர்த்தியே வைத்திருப்பதால், நீர் வற்றும் காலத்தில் தரைதட்டி மண்ணிலிருந்து சத்தெடுத்துக்கொள்ள வேண்டிய மிதவைத் தீவுகள் மெலிந்து உடைகின்றன. ஃபும்டி எனப்படும் அந்தத் தீவுகளின் மேல்தான் நாணலும் புல்லும் வளர்கின்றன. சங்காய் மானும் அங்கேதான் நடமாடுகிறது. சங்காய் உங்கள் மீட்புப் பட்டியலில் இருக்கிறது, மகிழ்ச்சி. மானுக்காக ஃபும்டியைத் திடப்படுத்தினால், நாணலை நம்பும் சிறு பறவைகளுக்கும் அது உதவும்.

இந்தக் குருவி பெரும்பாலும் சரணாலய எல்லைக்கு வெளியேதான் வாழ்கிறது. பகலில் விவசாயியின் வயல், இரவில் ஊர்ப் பொது ஏரியின் நாணல். வேலி போட்டுக் காக்கிற முறை இதற்குப் பொருந்தாது. உங்கள் வனவிலங்கு வாழிட மேம்பாட்டுத் திட்டத்தில் காப்புப் பகுதிகளுக்கு வெளியே உள்ள உயிரினங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவே உண்டு. அதைப் பயன்படுத்தத் தகுந்த உயிர் இதைவிட வேறு எது என்று கேட்கத் தோன்றுகிறது.

வயலைப் பற்றி, டெல்டாக்காரன் என்ற உரிமையில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அறுவடை முடிந்த வயல் வெறும் வயல் அல்ல. எங்கள் பக்கம் சம்பா அறுவடை முடிந்து தாளடியில் உதிர்ந்து கிடக்கிற மணிக்கும் புல்விதைக்கும் தில்லான்களும் புறாக்களும் இறங்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட காய்ந்த தாளடிதான் தினைக்குருவியின் குளிர்காலக் களஞ்சியம். அறுத்த கையோடு தாளைக் கொளுத்தினாலோ, உழுது தண்ணீர் கட்டி அடுத்த நெல்லை நட்டாலோ, அதன் உணவு போய்விடும். களைக்கொல்லி தெளித்த வரப்பில் புல்விதையும் இருக்காது. விவசாயியிடம் 'குருவிக்காக உன் போகத்தை விடு' என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஏரியை ஒட்டிய சில வயல்களில், நாணல் தங்குமிடத்துக்கு மிக அருகில் உள்ளவற்றில் மட்டும், குளிர்காலத்தில் தாளடியை அப்படியே விட்டுவைக்கும் விவசாயிக்கு ஈடு கொடுக்கலாம். ஹாங்காங்கின் லாங் வேலியில் இதற்குமேலேயே செய்தார்கள். அங்கே நெல் சாகுபடியே ஏறத்தாழ மறைந்துவிட்ட நிலையில், பறவை அமைப்பினர் விவசாயிகளோடு சேர்ந்து இந்தக் குருவிக்காகவே மறுபடி நெல் விதைத்தார்கள். வலசை வரும் குருவிகள் அந்தக் கதிர்களில் இறங்குகின்றன. நிலத்தின் விலை வானத்தைத் தொடும் ஒரு நகரத்திலேயே அது முடிந்திருக்கிறது. நெல்லே உயிராக இருக்கும் அசாமில் நாம் புதிதாக விதைக்கக்கூட வேண்டாம், சில வயல்களைச் சில மாதம் சும்மா விட்டால் போதும்.

வலைக்கு வருகிறேன். பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் இந்த நாட்டில் குற்றம். சட்டத்தில் குறை இல்லை. ஆனால் மெல்லிய நைலான் வலையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பயிர்க் காப்பு வலை என்ற பெயரில் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆய்வுக்கென்று வாங்குகிறவர் வனத்துறையிடம் அனுமதி வாங்கியே தீரவேண்டும். வேட்டைக்கு வாங்குகிறவரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. இந்த வகை வலையின் விற்பனையை உரிமத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லவேண்டும். வடகிழக்கு மக்களை வேட்டைக்காரர்கள் என்று முத்திரை குத்தி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2012 அக்டோபரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கக் கரையில் அமூர் வல்லூறுகள் வலைகளில் பிடிபட்ட படங்கள் உலகம் முழுக்கப் போயின. ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டே அங்கே ஒரு வலைகூட விரிக்கப்படவில்லை. அதைச் செய்தது பாங்தி போன்ற ஊர்களின் சபைகள், தேவாலயங்கள், வலை விரித்துக்கொண்டிருந்த அதே மீனவர்கள். அரசும் தன்னார்வலர்களும் துணை நின்றார்கள். 2013ல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய வல்லூறுகளில் ஒன்றுக்குப் பாங்தி என்றே பெயர் வைத்தார்கள். உலகப் பறவைப் பாதுகாப்பு வரலாற்றிலேயே இவ்வளவு வேகமாக நடந்த மாற்றங்கள் மிகச் சில. அந்த அனுபவம் உங்கள் அமைச்சகத்திடமே இருக்கிறது. தினைக்குருவிக்கும் ஊர்ச் சபைகளிடமிருந்தே தொடங்குங்கள். எந்த நாணல் காட்டில் எப்போது பறவை இறங்கும், யார் எப்போது நாணல் அறுக்கப் போவார், எந்தப் பக்கம் தீ வைப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கூரைக்கும் தட்டிக்கும் அவர்களுக்கு நாணல் வேண்டும். பறவை தங்கும் பகுதியை மட்டும் ஏப்ரல் முடியும்வரை விட்டுவிட்டு மற்ற பகுதியில் முதலில் அறுப்பது என்று பேசி முடிவு செய்யலாம். தீ வைப்பதையும் அதற்குப் பிறகு தள்ளிவைக்கலாம்.

இனி அந்தப் பட்டியல். 2021ல் காரகல் எனும் காட்டுப்பூனை 22ஆவது இனமாகச் சேர்க்கப்பட்டது. பட்டியலில் கானமயில் இருக்கிறது, வரகுக் கோழி இருக்கிறது, பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்), ஜெர்டான் கல்குருவி, நிக்கோபார் மெகபோடு, உண்ணக்கூடிய கூடு கட்டும் உழவாரன் எல்லாம் இருக்கின்றன. அந்த 22ல் பாடும் பறவை ஒன்றுகூட இல்லை. காரகல் உலக அளவில் அருகிய இனம் அல்ல. ஆப்பிரிக்காவில் பரவலாக இருக்கிறது. இந்தியாவில் அது மிக அரிதாகிவிட்டது என்பதற்காகச் சேர்த்தீர்கள், சரியான முடிவு. அப்படியானால் உலகம் முழுவதிலுமே மிக அருகிய நிலைக்குப் போய்விட்ட ஒரு பறவை, ஆண்டின் பாதியை நம் நிலத்தில் கழிக்கும்போது, அதைச் சேர்க்க என்ன தடை?

'அது இந்தியாவில் முட்டையிடுவதில்லை' என்று ஒரு பதில் வரலாம். சைபீரியாவில் குஞ்சு பொரித்த பறவை திரும்பிப் போய் மறுபடி கூடு கட்டவேண்டுமானால், நடுவில் ஒரு குளிர்காலம் பிழைத்திருக்க வேண்டும். இந்தக் குருவியைத் தீர்த்துக்கட்டியது கூடு கட்டிய இடத்தில் நடந்தது அல்ல, வலசை வழியிலும் குளிர்கால இடங்களிலும் நடந்ததுதான். தவிர, நாம் 1983 முதல் வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கையில் இருக்கிறோம். 2020 பிப்ரவரியில் அதன் 13ஆவது மாநாட்டைக் காந்திநகரில் நடத்தினோம். 'விருந்தினரே தெய்வம்' என்று வரவேற்றோம். மாநாட்டின் சின்னத்தைத் தென்னிந்தியக் கோல வடிவில் வரைந்து, அதில் அமூர் வல்லூறையும் கடலாமையையும் கூன்முதுகுத் திமிங்கிலத்தையும் வைத்தார்கள். எங்கள் வாசல் கோலம் உலக மேடையில் வலசை உயிர்களைத் தாங்கி நின்றதைப் பார்த்து நெஞ்சு நிறைந்தவர்களில் நானும் ஒருவன். அந்த வரவேற்பு இந்தச் சிறு குருவிக்கும் பொருந்தவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

'போதிய தரவு இல்லை' என்பது இன்னொரு பதில். தரவு திரட்டுவதே மீட்புத் திட்டத்தின் முதல் வேலையாக இருக்கட்டும். வயலில் சிதறிக் கிடக்கும் பறவையை எண்ணுவது கடினம். அந்தியில் தங்குமிடத்துக்கு வரும்போது எண்ணுவது எளிது. நாணலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆள், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து இருட்டும்வரை, உள்ளே இறங்கும் கூட்டத்தை எண்ணிக் குறிக்கவேண்டும். வடகிழக்கு மாநிலங்கள் எல்லாவற்றிலும், வட வங்கத்திலும், சனவரியில் ஒரே வாரத்தில் இதைச் செய்தால் முதல் முறையாக நமக்கு ஓர் எண் கிடைக்கும். நேபாளம், வங்கதேசம், மியான்மர் நாடுகளையும் அதே வாரத்தில் எண்ணச் சொல்லிக் கேட்கலாம். பறவை எல்லை பார்ப்பதில்லை, எண்ணிக்கையும் எல்லையில் நின்றுவிடக் கூடாது. ஆள் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். வடகிழக்கில் துடிப்பான இளம் பறவையாளர்கள் இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் ஊர் ஊராகப் பறவை எண்ணுகிற நாங்களும் தமிழ்நாட்டில் இருக்கிறோம். பயணச் செலவை நாங்களே போட்டுக்கொண்டு வரத் தயாராக இருப்பவர்களை எனக்குத் தெரியும். அரசு செய்யவேண்டியது, இடத்தையும் நாளையும் அறிவிப்பது, வனத்துறை ஊழியரைக் கூட அனுப்புவது, முடிவை மறைக்காமல் வெளியிடுவது.

எண்ணிக்கையில் பெருத்த பறவை எப்படி அழியும் என்ற கேள்வி இந்தியாவில் இனி யாருக்கும் வரக்கூடாது. 1980களில் தில்லி, மும்பை வானத்தில் பாறுகள் எண்ண முடியாமல் சுற்றின. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து அவற்றை 90 சதவீதத்துக்கும் மேல் தீர்த்த பிறகுதான் 2006ல் கால்நடைக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் மோயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் சிலவற்றைக் காக்க எத்தனை பேர் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று அருகிலிருந்து பார்க்கிறோம். கூட்டமாக இருந்தபோது செலவில்லாமல் செய்திருக்கக் கூடியதை, சொற்ப எண்ணிக்கைக்கு வந்தபின் கோடிகள் கொட்டிச் செய்ய வேண்டியிருக்கிறது. தினைக்குருவி இன்னும் கூட்டமாக வருகிறது. சிறு கூட்டம்தான், ஆனாலும் கூட்டம். கூண்டில் வைத்து வளர்க்கவேண்டிய கட்டத்துக்கு அது இன்னும் போகவில்லை. நாணலும் தாளடியும் வலையில்லாத இரவும் கிடைத்தால், தானே பெருகிக்கொள்ளும் உடல்வாகு அதற்கு உண்டு. ஒரு கூட்டில் நாலைந்து முட்டையிடும் பறவை அது.

குருவிகள் மறுபடி வர இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. அதற்கு முன் கூடும் நிலைக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அசாம், மணிப்பூர் வனத்துறைகளுக்கு, தெரிந்த தங்குமிடங்களில் ஏப்ரல் முடியும்வரை நாணல் அறுப்பையும் தீயையும் ஊர்ச் சபைகளோடு பேசி நிறுத்திவைக்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அதற்குப் பட்டியலோ நிதியோ காத்திருக்கத் தேவையில்லை. அதை அக்டோபருக்குள் அனுப்புங்கள். சனவரி எண்ணிக்கைக்கு எந்த வாரம் என்று அறிவித்தால், நாங்கள் ரயில் டிக்கெட் எடுத்துவிடுவோம்.

நம்பிக்கையுடன்,
தஞ்சை மாவட்டத்துப் பறவை ஆர்வலர் ஒருவர்